காலியாகத் திரும்பும் டப்பா

ஒரே சட்டியில் வேகிற கீரை. அதில் பாதியைக் காலையில் பச்சை டப்பாவில் போட்டு, மகளோடு சேர்த்து, அவளைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்கார அம்மா மக்சிக் சல்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். மீதிப் பாதி சாயங்காலத்துக்காக எங்கள் வீட்டு அடுப்பில் இருக்கிறது. டப்பாவில் போன பாதி காலியாகிவிடுகிறது. வீட்டில் இருக்கிற பாதியை மேகாஷினி ஒரு விரலால்கூடத் தொடுவதில்லை. அதே கீரை, அதே வாய். அங்கே இறங்குகிறது, இங்கே இறங்கவில்லை. மூன்று வாரமாக யோசித்தும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

எனக்கு விடை தெரியாமல் இருப்பது பிடிக்காது. மலேசியாவில் லாபு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற கேங்குக்கு நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. மரத்தடியில் புல் மண்டினால் உதிர்கிற பழம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வட்டமாக மருந்து அடித்துப் புல்லைச் சாகடிக்க வேண்டும். ஒன்பது ஆட்கள், முதுகில் ஒன்பது பம்புகள். ஒரு பம்பு அடைத்துக்கொண்டால் நான் அதன் முனையிலிருந்து பின்னோக்கிப் போவேன். முதலில் மூக்குத் துளை, அப்புறம் சல்லடை, குழாய், கடைசியில் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்ப்பேன். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பம்பு ஓடும், ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது.

மேகாவுக்கு நாலரை வயது. சின்னதிலிருந்தே சாப்பாட்டில் கொஞ்சம் பிகு உண்டு. ஆனால் இந்த மூன்று மாதமாக அது பிகு இல்லை, சந்தேகம். வெள்ளைச் சோறு, பால், முட்டையின் வெள்ளை, ரொட்டியின் நடுப்பகுதி, பிஸ்கட். இவ்வளவுதான். பச்சையாக எதைப் பார்த்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். பருப்பும் வேண்டாம், மஞ்சள் போட்ட மீனும் வேண்டாம். சோற்றைக்கூட முகர்ந்து பார்த்து, விரலால் பரப்பி, ஒவ்வொரு பருக்கையாகச் சோதித்துத்தான் வாயில் வைப்பாள்.

அந்தச் சோதனைக்கு நாங்களும் ஒரு காரணம். என் மனைவி லோகேஸ்வரி ஒரு நாள் கீரையை மை போல அரைத்து ரொட்டி மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டுவிட்டாள். மேகா இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயில் ஒரு நார் அகப்பட்டது. அதைப் பல்லிடுக்கிலிருந்து இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், லோகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து ரொட்டியையும் பிளந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறாள்.

கிளினிக் நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், அவளைத் தராசில் நிறுத்தி, புத்தகத்தில் புள்ளி வைத்தார். மூன்று மாதப் புள்ளிகளைச் சேர்த்தால் படுத்த கோடுதான் வந்தது. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிடுவேன்" என்று மலாயில் சொன்னார். லோகேஸ்வரி நீலாய் தொழிற்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் சொன்னாள்:

"அடுத்த தடவையும் ஏறலன்னா நான் வேலைய விட்டுடுறேங்க. எம் புள்ளைய நானே பாத்துக்குறேன்."

அந்த வேலைக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

வேலை தொடங்கிய நாள் முதல் மேகாவைப் பகலில் பார்த்துக்கொள்வது மக்சிக் சல்மா; மக்சிக் என்றால் மலாயில் சின்னம்மா மாதிரி. தோட்டத்து கேட்டைத் தாண்டியதும் வருகிற மலாய்க் கிராமத்தில், நாங்கள் கம்பம் என்போம், மூன்றாவது வீடு. கணவர் லோரி ஓட்டுகிறார், பிள்ளைகள் பெரியவர்களாகிப் போய்விட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் பச்சை டப்பா அங்கே போகிறது, கழுவித் துடைத்துக் காலியாக வருகிறது.

"சாப்பிட்டாளா, மக்சிக்?"

"ஹபிஸ்" என்பார். தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். யார் தீர்த்தது என்று சொல்ல மாட்டார்.

எனக்கு முதல் சந்தேகம் கோழிகள் மேல்தான். மக்சிக் வீட்டுப் பின்புறம் பத்துப் பன்னிரண்டு கோழிகள். எல்லாமே நல்ல கொழுப்பு.

லோகேஸ்வரியின் அக்கா ரோகினி ரெம்பாவில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும் குரல்.

"ஏன் தம்பி, ஒரு வாரம் ரெண்டு வாரத்துல அந்தப் புள்ள கீரை திங்குதுன்னா நீங்க நம்புறீங்களா? நான் நம்பல லா. கொட்டிட்டு டப்பாவ கழுவிக் குடுக்கறாங்க. இல்லன்னா அவங்க சோத்துல என்னாத்தையோ போட்டுக் குடுத்து வாயடைக்கறாங்க. நம்ம சாப்பிடாததெல்லாம் குடுத்திருந்தா?"

"சும்மா இருங்க அண்ணி, அப்படிப்பட்டவங்க இல்ல."

"தெரியுமா ஒங்களுக்கு? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுதான் வம்பு.

ஒரு சோதனை செய்தேன். பயத்தங்காயைச் சரியாகப் பன்னிரண்டு துண்டாக வெட்டி டப்பாவில் வைத்தேன். சாயங்காலம் மேகாவை மோட்டாரில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"இன்னைக்கு எத்தனை காய் சாப்பிட்ட, மேகா?"

"மக்சிக்கு நாலு. எனக்கு எட்டு."

பன்னிரண்டு. கணக்கு சரியாக வருகிறது. ஆனால் மக்சிக் எதற்கு நாலு சாப்பிட வேண்டும்? என் சந்தேகம் கோழியிலிருந்து மக்சிக் மேல் நகர்ந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதே காயை அதே அளவில் வெட்டி வைத்தேன். லோகேஸ்வரி கெஞ்சினாள்: "ஒன்னே ஒன்னுமா. மருந்து மாதிரி நெனச்சு முழுங்கிடுமா." மேகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். கிளினிக்கில் மிஸி ஊற்றிக் கொடுத்த சிவப்புத் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டாள். அதே புட்டியை வீட்டில் எடுத்து, "மருந்து குடிம்மா" என்றால் அலறி, துப்பி, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அங்கே போகிறது, இங்கே போகவில்லை. கீரைக்கும் அதே கதை. ஆக, கோளாறு சாப்பாட்டில் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்று அங்கே இல்லை. அல்லது அங்கே இருக்கிற ஏதோ ஒன்று இங்கே இல்லை. அது எது?

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் காற்று எழும்பியது. காற்றில் மருந்து அடிக்கக் கூடாது. அது புல்லில் விழாமல் அடிக்கிற ஆளின் முகத்தில் விழும். வேலையை நிறுத்தி ஆட்களை ஸ்டோருக்கு அனுப்பினேன். நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராகக் கம்பத்துக்கு மோட்டாரை விட்டேன். சொல்லாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால் சோதனை இல்லை. மோட்டாரைத் தோட்டத்து கேட் பக்கமே நிறுத்திவிட்டு, வேலியோரமாக நடந்து, சமையல்கட்டின் பின் கதவுக்கு வந்தேன்.

கதவு பாதி திறந்திருந்தது. படியில் ஒரு சிவப்புக் கோழி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் ஒன்றும் போடவில்லை. உள்ளே பாய் விரித்து, நடுவில் பச்சை டப்பா. ஒரு பக்கம் மக்சிக், எதிரில் சம்மணம் போட்டு என் மகள்.

மக்சிக் டப்பாவைத் திறந்தார். கீரையை ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அகப்பட்டாய், என்று மனதுக்குள் சொன்னேன். என் பிள்ளையின் கீரை! நிதானமாக மென்று, கண்ணை மூடி ரசித்து வேறு தின்கிறார். உள்ளே போயிருப்பேன், ஆனால் மேகாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். பம்பின் மூக்குத் துளையை நான் பார்ப்பது போல அவள் மக்சிக்கின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கியது.

"ராச்சுன் தடா?" என்று கேட்டாள் மேகா. விஷம் இல்லையே?

"தடா லா. சாயூர் ஜெ." இல்லை, வெறும் காய்கறிதான்.

மேகா டப்பாவுக்குள் கையை விட்டாள். கீரையை எடுத்தாள். தின்றாள். எட்டு வாய் எண்ணினேன். என் கண்ணாலேயே எண்ணினேன்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அடி வைத்ததும் அவள் நிமிர்ந்தாள். என் பூட்ஸைப் பார்த்தாள். இரண்டு கையையும் விரித்து டப்பாவை மூடிக்கொண்டு கத்தினாள்:

"அப்பா வராத! மருந்து! மருந்து! சாப்பாடு இருக்கு, வராத!"

அப்படியே படியில் நின்றுவிட்டேன். அது என் சொந்தச் சட்டம். வேலை முடிந்து வந்தால் குளிக்கிறவரை என்னைத் தொடக் கூடாது. "அப்பா மேல மருந்து இருக்கு, கிட்ட வராத" என்று தினமும் நான்தான் சொல்வேன்.

பூட்ஸைக் கழற்றி, குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, படியிலேயே உட்கார்ந்தேன். மக்சிக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார். பின் கதவு வழியாக ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் மக்சிக்குக்கும் பேச்சு மலாயில்தான். தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"நீ வந்ததும் நல்லதுதான், சசி. ஒன்னு சொல்லணும்னு இருந்தேன். கோவிச்சுக்குவியோன்னு சொல்லல. முதல் வாரம் அந்தக் கீரைய நான்தான் சாப்பிட்டேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். அவ வாயே வைக்கல. கொட்டுறது பாவம். உன் பொண்டாட்டி நல்லா சமைக்கிறா, அதனால கஷ்டமும் இல்ல. நான் சாப்பிடுவேன், இவ உக்காந்து பாப்பா. நான் சாப்பிடுன்னு சொல்லல. சாப்பிடலன்னு திட்டவும் இல்ல. காலைல வந்ததும் என் கையத் திருப்பித் திருப்பிப் பாப்பா, நகத்தப் பாப்பா. ஏன்னு இன்னும் எனக்குத் தெரியல. ரெண்டாவது வாரம் ஒரு நாள் அவளே கைய விட்டு எடுத்தா."

நான் மேகாவைப் பார்த்தேன். "மக்சிக் கையில என்னாம்மா பாத்த?"

"மஞ்சளா ஆயிடுச்சான்னு."

"ஏன் மஞ்சளாகணும்?"

"நீதானப்பா சொன்ன" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. "ஏழு தடவை தூங்கி எந்திரிச்சா மஞ்சளா ஆயிடும். அப்புறம் செத்துடும்."

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து ரோட்டில் மோட்டாரை நிறுத்தி, முந்தின வாரம் மருந்து அடித்த வரிசையை அவளுக்குக் காட்டினேன். மரத்தைச் சுற்றி மட்டும் வட்டமாக மஞ்சள், வெளியே பச்சை. அது ஏன் அப்படி என்று கேட்டாள். கேட்டால் நான் விடுவேனா? எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து இலைமேல் விழும், இலை அதைக் குடிக்கும், குடித்தது தண்டு வழியாக வேர்வரை இறங்கும், ஏழு தடவை தூங்கி எழுந்தால் மஞ்சளாகிவிடும், அப்புறம் செத்துவிடும். அவள் கண் கொட்டாமல் கேட்டாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்: "புல்லுக்குத் தெரியாதா?" நான் பெருமையாகப் பதில் சொன்னேன்: "தெரியாதும்மா. சாப்பாடுன்னு நெனச்சுக்கிட்டுக் குடிச்சிடும்."

என்ன கெட்டிக்காரப் பிள்ளை, எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று வீடு வந்து லோகேஸ்வரியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அன்று ராத்திரி கீரையைத் தட்டில் வைத்து, நான்தான் மகளுக்கு ஊக்கம் கொடுத்தேன்: "சாப்பிடும்மா, கீரை உடம்புக்கு மருந்து மாதிரி."

அப்புறம் எல்லாமே வரிசையாக விளங்கியது. பச்சை ஏன் கூடாது? அது மருந்து குடித்த இலையாக இருக்கலாம். பருப்பும் மீனும் ஏன் கூடாது? மஞ்சள் நிறம். கிளினிக்கில் புட்டி ஏன் உள்ளே போனது? அங்கே மிஸி அதை ஊபாட் என்கிறார். மலாயில் காய்ச்சலுக்குக் கொடுப்பது ஊபாட், புல்லுக்கு அடிப்பது ராச்சுன். சொல் வேறு, பொருள் வேறு, குழப்பமே இல்லை. மக்சிக் வீட்டில் அவள் ராச்சுன் இருக்கிறதா என்று கேட்கலாம், இல்லை என்று பதில் வரும், முடிந்தது. எங்கள் தோட்டத்துத் தமிழில் இரண்டும் மருந்து. எங்கள் வீட்டில் அவள் கேட்கவே தேவையில்லாமல், தட்டு வைக்கும்போதே நாங்கள் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்: இது மருந்து, முழுங்கு என்று.

மக்சிக்கிடம் இதை விளக்கினேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே சொல்லா? எப்படித்தான் இத்தனை வருஷம் உயிரோட இருக்கீங்க?"

சாயங்காலம் லோகேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ரோட்டில் நின்றே சொன்னேன். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ. நான் தெனம் மூணு தடவை சொல்றேனேங்க. மருந்து மாதிரி நெனச்சு முழுங்குன்னு."

"நான்தான் ஆரம்பிச்சேன்."

"ரொட்டியில வேற ஒளிச்சு வச்சேன்." குனிந்து பையிலிருந்து போனை எடுத்தாள். "அந்த மக்சிக்கப் பத்தி அக்காகிட்ட என்னென்னமோ பேசிட்டேன்." அங்கேயே ரெம்பாவுக்குப் போன் போட்டாள். ரோகினி அண்ணியின் குரல் எனக்கும் கேட்டது: "அப்ப கோழி இல்லியா?" "கோழி ஒன்னும் பண்ணல அக்கா." "செரி, மருந்துன்னு இனிமே சொல்லாதீங்க. நான் அப்பவே நெனச்சேன்." அவர் அப்போது நினைத்தது எது என்று நாங்கள் கேட்கவில்லை.

காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். ராத்திரி மேகாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "இங்க பாரு மேகா, மருந்துல ரெண்டு வகை இருக்கு. மொத வகை என்னா பண்ணும்னா, உள்ள போயி..."

அவள் கை வாய்க்குப் போனது.

"இல்லம்மா, இது நல்ல மருந்து. ரத்தத்துல கலந்து, அப்படியே..."

கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"போதுங்க!" என்றாள் லோகேஸ்வரி. "நீங்க வெளக்குனதுலதான் இவ்வளவும் வந்துச்சு. மக்சிக் வெளக்குனாங்களா? சாப்பிட்டாங்க. அவ்வளவுதான்."

எனக்கு அது கொஞ்சம் சுட்டது. ஆனால் சரி. ஓடுகிற பம்பு ஒன்று பக்கத்தில் இருந்தால், ஓடாத பம்பை அதைப் போலவே மாட்ட வேண்டியதுதான்.

மறுநாள் தரையில் பாய் விரித்தோம். ஆளுக்கொரு தட்டில் கீரை வைக்கவில்லை. நடுவில் ஒரே கிண்ணம். நானும் லோகேஸ்வரியும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம். மேகாவுக்கு அவளுடைய வெள்ளைச் சோறு, முட்டையின் வெள்ளை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பது என் ஆட்களைக் கேட்டால் தெரியும். நான் தண்ணீர் குடித்துக் குடித்துச் சமாளித்தேன். அவள் எங்கள் இருவர் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விடிந்ததும் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தைப் பார்த்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த லோகேஸ்வரியிடம் போனாள்.

"என்னாடி?"

"ஒன்னுமில்ல. படுத்துக்க."

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் லோகேஸ்வரி மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டாள். மேகா அழுத அழுகையில் முகத்தை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் கிண்ணத்தைக் குனிந்து முகர்ந்தாள். ஆறாம் நாள் ஒரு இலையை எடுத்து என் வாயில் ஊட்டினாள். நான் மென்று விழுங்கி வாயைத் திறந்து காட்டினேன்.

"ராச்சுன் இல்லியே, அப்பா?"

"ராச்சுன் இல்ல."

"மருந்து?"

"மருந்தும் இல்ல. கீரை."

மூன்று சொல்லில் நிறுத்திக்கொண்டேன். லோகேஸ்வரி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

எட்டாம் நாள் காலையில் என் கையைப் பார்த்தாள், பச்சைப் புல்லைப் பார்ப்பது போல நிம்மதியாக விட்டாள். சாயங்காலம் கிண்ணத்துக்குள் அவள் கை தானாக வந்தது. நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டோம். நாலு வாய். அடுத்த வாரம் பருப்பை நடுவில் வைத்தோம், அதற்கும் ஏழு நாள் ஆனது. எட்டாம் நாள் எடுத்தாள்.

கிளினிக்கில் மிஸி புதுப் புள்ளி வைத்தார். முந்நூற்று ஐம்பது கிராம் கூடியிருந்தது. படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. சிரம்பானுக்கு லெட்டர் வேண்டாம் என்றார். லோகேஸ்வரி மறுநாள் வழக்கம்போல நீலாய் பஸ் ஏறினாள். "என்ன செஞ்சீங்க?" என்று மிஸி கேட்டார். நான் வாயைத் திறந்தேன். லோகேஸ்வரி என் காலை மிதித்தாள். அதனால் சுருக்கமாகச் சொன்னேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தோட்டத்தில் நான் அடிப்பதை வீட்டில் ராச்சுன் என்கிறோம், காய்ச்சலுக்குக் கொடுப்பதை ஊபாட் என்கிறோம், சாப்பாட்டை மருந்து என்று யாரும் சொல்வதில்லை. எதையும் எதற்குள்ளும் ஒளிப்பதில்லை. புதுக் காயை நடுவில் ஒரே கிண்ணத்தில் வைத்து நாங்கள் முதலில் சாப்பிடுகிறோம். அவளைச் சாப்பிடு என்று சொல்வதில்லை. இதை ஏழு நாள் விடாமல் செய்தால், எட்டாம் நாள் அவளே எடுத்துச் சாப்பிடுகிறாள்.